தாங்கும் தோள்கள்



ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை நகராம் தாராகோனாவின் பாதுகாவலி புனித தெக்லா. இவர் பவுலடியாரின் சீடர் என்பது மரபு. 1321-இல் ஆர்மேனியாவிலிருந்து வந்த அவரது திருக்கரத்துக்கு அங்கே பெரும் வணக்கம். செப்டம்பர் 23, திருநாளன்று நாங்கள் அங்கிருந்தோம்.

நகரச் சதுக்கத்தில் மனிதர்மேல் மனிதர் ஏறிக் கோபுரமாய் எழுந்தனர். உச்சியில் ஒரு சிறு குழந்தை கையுயர்த்தியதும் ஆரவாரம்! அடியில் நெருங்கிநின்று பாரம் தாங்கியோருக்கோ எதுவும் தெரியாது. கிரல்லா என்னும் நாயனத்தின் இசை மாறுவதைக் கேட்டே கோபுரத்தின் உயரத்தை அறிகிறார்கள். குழந்தை நலமே இறங்கும்வரை விலகமாட்டார்கள்.

நாங்களோ உச்சியை மட்டும் பார்த்துக் கைதட்டினோம், பின்பு வெட்கினோம்.

நம் ஆலயமும் இவ்வாறே நிற்கிறது. ஜூபிலி நாளில், கல்வெட்டில் பெயரில்லாத அத்தோள்களுக்காக இறைவனுக்கு நன்றி கூறுவோம்.