மீனுக்கு முன் ஆறு

கன்னட நாட்டின் தலைநகரில் என் தாய்மொழியிலேயே பேசலாம் என்று இடம் தந்த உங்கள் பெருந்தன்மைக்கு என் வந்தனம். இன்று பட்டம் பெறும் இளைஞர்களுக்கு என் ஆசிகள். சம்பிரதாயம் இத்துடன் நிறைவுற்றதாகக் கொள்க. வாழ்நாளெல்லாம் மீன் ஆராய்ச்சியில் உத்தியோகம் பார்த்தவனிடமிருந்து மீனைத் தவிர வேறொரு விஷயத்தை நீங்களும் எதிர்பார்த்திருக்க மாட்டீர்கள்.

இன்று காலை உங்களில் பலர் குளித்தது காவிரியில். ஏறத்தாழ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, தொரெக்காடனஹள்ளி நீரேற்று நிலையத்தின் வழியாக, சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றப்பட்டு, 1974 முதல் இந்நகரத்தின் தாகத்தைத் தீர்த்துவரும் அந்த நீர், குளியலறைத் துவாரத்தில் மறைந்த பிறகு என்ன கதி அடைகிறது? அதில் ஒரு பெரும்பகுதி விருஷபாவதியில் விழுந்து, விருஷபாவதி அர்க்காவதியில் கலந்து, அர்க்காவதி சங்கமம் என்னும் இடத்தில் மறுபடியும் காவிரியையே சென்றடைகிறது. நான் இங்கே மாணவனாக ஸ்ரீராமபுரத்தில் ஓர் அறையில் குடியிருந்த காலத்தில், ஞாயிற்றுக்கிழமைகளில் பசவனகுடி வித்யார்த்தி பவன் வாசலில் மசாலா தோசைக்காகக் கால்கடுக்க நிற்பதும், வயிறு நிறைந்தபின் பெரிய நந்தி கோயில் வரை நடந்து, விருஷபாவதி அந்த நந்தியின் பாதத்தில்தான் உற்பத்தியாகிறது என்ற ஐதீகத்தைப் பற்றித் தர்க்கிப்பதும் எங்கள் வழக்கம். ஆற்றின் பிறப்பைப் பற்றி அத்தனை வாதாடிய நாங்கள், அது போய்ச் சேருமிடத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக எனக்கு ஞாபகமில்லை. தோசையின் பெருமையைப் பற்றி இன்னும் விரிவாகப் பேசுவேன். ஆனால் துணைவேந்தர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்; ஆகவே அந்த நீர் போய்ச் சேருமிடத்துக்கு வருகிறேன்.

சிவனசமுத்திரத்து அருவிகளுக்குக் கீழே தொடங்கி, பீமேஸ்வரி, காலிபோரே, சங்கமம், மேகதாது என்று பாறைகளுக்கிடையே காவிரி பாய்ந்து செல்லும் அந்தப் பிரதேசந்தான் பொம்மீனின் ராஜ்யம். முதுகில் திமிலும் செம்மஞ்சள் துடுப்பும் உடைய இம்மீன் காவிரியிலும் அதன் உபநதிகளிலும் அன்றி உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை. 1946-இல் மைசூர் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினியில் தூண்டிலிட்டுப் பிடித்த மீன் 120 ராத்தல் எடை இருந்தது. இத்தனை கீர்த்தி பெற்ற மீனுக்கு 2018 வரையில் சாஸ்திரீயமான பெயர் ஒன்று நிச்சயிக்கப்படவில்லை என்றால் நம்புவீர்களா? சின்னாறு சரணாலயத்துப் பாம்பாற்றில் கண்டெடுத்து, மீனியல் அறிஞர் ரெமாதேவியின் பெயரால் 'டோர் ரெமாதேவி' என்று முன்னரே வர்ணிக்கப்பட்ட சிறு மீனும் காவிரியின் இந்த ராட்சத மீனும் ஒரே இனம் என்று அவ்வாண்டில்தான் தெளிவாயிற்று. பெயர் கிடைத்த அதே ஆண்டில், அழிவின் விளிம்பில் உள்ள இனங்களுக்கான சர்வதேசச் சிவப்புப் பட்டியலிலும் அது ஏறிற்று. பெயரில்லாத ஜீவனை எந்தப் பட்டியலிலும் சேர்க்க முடியாதல்லவா?

இம்மீன் அழிந்துவருவதை நாம் அறிந்த விதத்தைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. காலிபோரேயில் தூண்டில்காரர்களுக்கென ஒரு முகாம் இருந்தது. வெளிதேசத்தாரும் உள்தேசத்தாரும் வந்து, பரிசலில் ஏறிச் சென்று, மீனைப் பிடித்து, எடைபோட்டு, உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். பிடித்தவர் யார், எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார், என்ன மீன், எத்தனை ராத்தல் என்பதையெல்லாம் ஒரு கணக்குப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். எழுதியவர்களுக்கு விஞ்ஞானம் உத்தேசமன்று. தற்பெருமைக்கும் விருந்தினர் திருப்திக்கும் எழுதினார்கள். ஆனால் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட அந்தப் பதிவுகளை, ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மீன்களின் கணக்கை, ஆராய்ச்சியாளர் எடுத்து ஆண்டு ஆண்டாக அடுக்கிப் பார்த்தபோது, எந்தச் சர்க்கார் இலாகாவின் கோப்பிலும் இல்லாத ஒரு சரித்திரம் வெளிப்பட்டது. பிடிபட்ட மீன்களின் மொத்தத் தொகை குறையவில்லை, பெருகவே செய்தது. பெருகியது நீலத்துடுப்புடைய வேறொரு பொம்மீன்; மகாராஷ்டிரத்து லோனாவ்லாவில் டாட்டா மின்நிறுவனத்தார் நல்லெண்ணத்தோடு நடத்திய பொரிப்பகத்தின் வழியாக, 1970-களிலிருந்து தென்னாட்டு ஆறுகளுக்குப் பரவிய இனம். திமிலுள்ள பூர்வகுடியோ ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்து, பெரிய கிழட்டு மீன்கள் சில மட்டும் பிடிபட, இளங்குஞ்சுகளே கண்ணில் படாத நிலைக்கு வந்துவிட்டது. வந்தேறிய மீன் இடத்தையும் இரையையும் பறித்துக்கொண்டதோ என்பது ஆய்வாளரின் வலுவான ஐயம். மீனைக் காப்பதற்காகச் செய்த காரியம், கரையில் நின்று பார்த்தவர் கண்ணுக்கு வெற்றியாகவே தோன்றியிருக்கும். அந்தக் கணக்குப் புத்தகம் ஒன்றுதான் ஏமாறவில்லை.

ஆகவே, மீன் விரலிகளை ஆற்றில் விடும் விழாக்களின்மேல் எனக்குத் தீராத அவநம்பிக்கை உண்டு. பந்தலும் நாதஸ்வரமும் அமர்க்களப்பட, பிராணவாயு அடைத்த பிளாஸ்டிக் பைகளில் குஞ்சுகள் வெயிலில் வெதும்ப, பிரமுகர் தாமதமாக வந்து சேர்ந்து, புகைப்படக்காரருக்காக இன்னொரு முறையும் பையைக் கவிழ்க்க, எங்களைவிடப் பொறுமையோடு காத்திருந்த கொக்குகள் உடனே பந்திக்கு அமர்ந்த காட்சியை நான் கண்டிருக்கிறேன். குஞ்சுக்கு வேண்டியது கைதட்டல் அன்று. பருவமழையின் புதுவெள்ளத்தை எதிர்த்து ஏறிச் செல்ல வழியும், முட்டையிடச் சேறு படியாத கூழாங்கல் பரப்பும், கோடையில் ஒதுங்க ஆழமான மடுவும், கரையில் நிழல் தரும் நீர்மருதும் அதற்கு வேண்டும். மணலை வாரி மடுவைக் குலைத்து, வெடிவைத்துப் பெரியதையும் சிறியதையும் ஒருங்கே கொன்று, அணையிலிருந்து ஒரு நாள் வெள்ளமும் மறுநாள் வறட்சியுமாக நீரை விட்டுக்கொண்டே, பொரிப்பகத்தை மட்டும் பெருக்கினால் பயன் என்ன?

அமெரிக்க தேசத்தார் இந்தப் பாடத்தைப் பெரும் பொருட்செலவில் கற்றார்கள். கொலம்பியா ஆற்றுப் படுகையில் 1877-லேயே சால்மன் பொரிப்பகம் வைத்தார்கள். அதன்பின் எத்தனையோ பொரிப்பகங்களிலிருந்து கோடிக்கணக்கில் குஞ்சுகளை விட்டும், அங்குள்ள சால்மன், ஸ்டீல்ஹெட் கூட்டங்களில் பதின்மூன்று இன்று சட்டத்தின் அபயத்தில் இருக்கின்றன. (கடலுக்குச் சென்று திரும்பும் இந்த ஸ்டீல்ஹெட்டும், நம் நீலகிரியில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து அவலாஞ்சியில் வளர்த்த வானவில் டிரவுட்டும் ஒரே இனம் என்பதை மீன் படித்தவர்கள் அறிவார்கள்.) பக்கத்திலுள்ள கிளாமத் ஆற்றில் வேறு வழி பார்த்தார்கள். யூரோக், காருக் முதலான பழங்குடியினர் பல ஆண்டுகள் போராடியதன் பயனாக நான்கு அணைகள் இடிக்கப்பட்டன. வேலை முடிந்தது 2024-இல். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தடைப்பட்டிருந்த மேல்நீருக்குச் சில வாரங்களுக்குள் சால்மன்கள் தாமாகவே ஏறி வந்துவிட்டன. எவரும் வரவேற்புப் பந்தல் போடவில்லை.

நம் காவிரிக்கும் கடலிலிருந்து ஏறிவரும் மீன் ஒன்று இருந்தது: உல்லம். கொள்ளிடத்தில் கீழணை 1836-இல் எழுந்தது. 1934-இல் மேட்டூர் அணையும் எழுந்தபின் அம்மீனின் வரவு மங்கிப்போயிற்று. அதற்காக அணைகளையெல்லாம் இடியுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. தஞ்சாவூரின் சோறும் மாண்டியாவின் கரும்பும் அவற்றை நம்பி இருக்கின்றன. ஆனால் 2018-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த காவிரிப் பங்கீட்டில், 740 டி.எம்.சி. நீரில் சுற்றுச்சூழலுக்கு என ஒதுக்கப்பட்டது 10 டி.எம்.சி. என்பதை நினைத்துப் பாருங்கள். நூற்றுக்கு ஒன்றரைகூட இல்லை. மேகதாதுவில் உத்தேசிக்கப்படும் அணையைப் பற்றி இரு மாநிலத்தாரும் ஓயாமல் வாதாடுகிறார்கள். பொம்மீனின் பள்ளத்தாக்கில் எவ்வளவு மூழ்கும் என்ற கேள்வி அந்த வாதத்தில் முதல் பக்கத்துக்கு வந்ததை நான் கண்டதில்லை. இரு தரப்புக்கும் பிரியமில்லாத இந்த வாக்கியத்தை மேடையில் சொல்வதற்கு ஓய்வூதியம் ஓரளவு தைரியம் அளிக்கிறது.

இந்த மண்டபத்தில் பொறியியல் பட்டம் பெறுபவர்களுக்கு வேலை விருஷபாவதிக் கரையிலேயே காத்திருக்கிறது: கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்ட பிறகே அர்க்காவதியை அடையவேண்டும். உயிரியல் படித்தவர்கள் மோயாற்றைப் பாருங்கள். திமிலுள்ள பொம்மீன் எஞ்சியிருப்பதாக உறுதிப்பட்ட மிகச் சில இடங்களில் அதுவும் ஒன்று. அங்கே போகிறவர்கள் வனத்துறையின் அனுமதிக் கடிதத்தோடு தடித்த கணக்குப் புத்தகம் ஒன்றையும் எடுத்துச் செல்லுங்கள். தேதி, நீர்மட்டம், நீரின் வெப்பம், கண்ட மீன், அதன் துடுப்பின் நிறம் என ஐந்து பத்தி போதும், மீன் காணாத நாளிலும் எழுதவேண்டும். தங்கப் பதக்கம் பெறுபவர்கள் நெடுநேரமாக நிற்கிறார்கள். அவர்களை அழைக்கும்படி பதிவாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.