பழைய லேண்ட் ரோவரின் முன்சக்கர மூட்டுகள்



1948 முதல் 1985 வரை செய்யப்பெற்ற பழைய வரிசை லேண்ட் ரோவர்களுள் சில இன்றும் ஓடுகின்றன. அவற்றில் எளிதில் மறக்கப்படும் இடம் ஒன்றைப் பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

முன் அச்சின் இரு முனைகளிலும், சக்கரத்திற்கு உட்புறமாக, பளபளப்பான இரும்புக் குண்டு ஒன்று உண்டு. அதனைத் தழுவிய கூட்டினுள் சக்கரத்தைத் திருப்பும் மூட்டுகளும் சுழற்றும் மூட்டும் உள்ளன. ஒவ்வொரு கூட்டிற்கும் தனியே ஏறத்தாழ அரை லிட்டர் 90ஆம் எண் கியர் எண்ணெய் தேவை.

குண்டு துருப்பிடித்துக் குழி விழுந்தால் எண்ணெய் சீல் கிழியும். எண்ணெய் ஒழுகும், சேற்று நீர் உட்புகும், மூட்டுகள் தேயும், ஸ்டீயரிங் இறுகும் அல்லது ஆடும். சரிவான பாதையில் அது வண்டியிலுள்ள அனைவருக்கும் ஆபத்தாகும்.

ஆகவே, ஓட்டுநர்கள் வண்டியைச் சமதரையில் நிறுத்திச் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். கூட்டைத் துடைத்து, அளவுத் திருகாணியைக் கழற்றுங்கள். துளையின் விளிம்புவரை எண்ணெய் நிற்கவேண்டும். குறைந்தால் வழியும்வரை ஊற்றுங்கள். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் நீர் புகுந்துள்ளது என அறிக. அடித்திருகாணி வழியே வடித்து, புதிய எண்ணெய் இடுக.

ஒழுகுவதைத் தடுக்கச் சாதாரண கிரீஸைத் திணிப்பது தவறு. அது எண்ணெயைப் போல் மேல்மூட்டுவரை தெறித்துச் செல்லாது. சீலையும், பழுதானால் குண்டையும் மாற்றுவதே தீர்வு.

முன்சக்கரத்தருகே எண்ணெய்க் கறையைக் கண்டால், வண்டியில் ஏறுமுன் ஓட்டுநரிடம் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை, கடமையுமாகும்.