கடல் கடந்து கற்ற ஆசிரியர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆசிரியர்கள் பிற நாடு சென்று வருவதால் வகுப்பறைக்கு விளையும் நன்மை பற்றிப் பேசுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். நானோ இன்னும் பல்கலைக்கழகத்தில் வாசிக்கும் மாணவன். கடவுச்சீட்டு என்று ஒன்று எனக்கு இதுவரை இல்லை. ஆயினும் ஆசிரியத் தொழிலையே நாடி நிற்பவன் ஆதலின், இப்பொருள் எனக்கு அந்நியமானதன்று.

நமது ஊர் துறைமுகப்பட்டினம். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று இத்துறைமுகத்தை நாடி வந்தோர் பலர். 1957 ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் தமது கடற்படைத் தளத்தை ஒப்படைத்துச் சென்றது வரையுள்ள அவர்கள் கதையைச் சரித்திர பாடத்தில் ஒழுங்காகப் படித்துவிடுகிறோம். இந்நாட்டிலிருந்து கடல் கடந்து போய், கற்று, மீண்டு வந்து பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்களின் கதையை அவ்வளவாக நாம் படிப்பதில்லை.

முதலில் நினைவுக்கு வருபவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராயிருந்து, பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணை நின்றவர். 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பாடசாலை வந்தது, பிள்ளைகளும் வந்தனர். அவர்கள் கையிற் கொடுக்கத் தக்க புத்தகம் இல்லை. மறு ஆண்டே சதாசிவப்பிள்ளையை உடன் அழைத்துக்கொண்டு இந்தியாவுக்குப் புறப்பட்டார். வழியில் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தைச் சூட்டியது. இதனையே நாம் மேடைதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு அதனினும் பெரிதாகத் தோன்றுவது, அவர் திரும்பி வரும்போது கொண்டுவந்த அச்சியந்திரம். அதிலிருந்தே படிப்படியாக வாசிக்கத்தக்க பாலபாடங்கள் வெளிவந்தன. பட்டம் அவர் பெயருக்கு முன்னே நின்றது. அச்சியந்திரமோ எழுத்துக் கூட்டத் தொடங்கிய சிறுவனின் மடிக்கே வந்து சேர்ந்தது.

அடுத்தவர் நமக்கு மிக அண்மையானவர். காரைதீவு மயில்வாகனனார், பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். கொழும்புத் தொழில்நுட்பக் கல்லூரியில் விஞ்ஞானம் கற்று, யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியராயும், மானிப்பாய் இந்துக் கல்லூரியில் தலைமையாசிரியராயும் இருந்தவர், 1922 இல் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924 இல் துறவு பெற்று, 1925 இல் இலங்கைக்கு மீண்டார். மீண்டு வந்த துறவி குகை தேடிப் போகவில்லை. பாடசாலை தேடியே வந்தார். மிஷன் பாடசாலைகளின் பொறுப்பை ஏற்றார். நமது திருகோணமலை இந்துக் கல்லூரியும் அவர் காலத்தில் அப்பொறுப்பின் கீழ் வளர்ந்தது. 1929 இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். பின்னும் கடல் கடந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராயிருந்தார். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியரானார். வழக்கொழிந்து போன யாழ்களின் அமைப்பைச் சிலப்பதிகாரத்தைத் துணைக்கொண்டு ஆராய்ந்து அவர் இயற்றிய யாழ் நூல் 1947 இல் அரங்கேறியது. நரம்பின் நீளத்தையும் சுரத்தின் அளவையும் கணக்கிட்டுப் பார்க்க, விஞ்ஞான ஆசிரியரொருவரின் மூளை வேண்டியிருந்தது என்பது என் துணிபு. அவரிடம் நேரிற் படித்தவர்களை இன்று காண்பது அரிது. அவர்களிடம் படித்தவர்கள் இச்சபையிலேயே இருக்கக்கூடும்.

மூன்றாமவர் கத்தோலிக்கத் துறவியான தனிநாயகம் அடிகள். இந்து வாலிபர் சபையில் இவரை ஏன் இழுக்கிறான் என்று எண்ணவேண்டாம். நாவலரும் விபுலாநந்தரும் தனிநாயக அடிகளும் ஆகிய மூவருமே மிஷன் பாடசாலைகளிற் பயின்றவர்கள். அத்தகைய பாடசாலையொன்றிற் படித்த நான் இதனைச் சற்றுப் பெருமையோடு கூறினால் பெரியோர் பொறுத்தருள்வார்களாக. 1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராயிருந்த அடிகள் பல கண்டங்களைச் சுற்றியவர். தாய்லாந்து அரண்மனைப் பிராமணர் ஓதும் மந்திரங்களிலே நமது திருவெம்பாவை ஒலிப்பதைத் தமிழுலகின் கவனத்திற்குக் கொண்டுவந்தவர்களுள் அவர் ஒருவர். அங்கு அந்த விழாவுக்கே திரியம்பாவாய் என்று பெயர். மார்கழி விடியலில் கோணேசர் சந்நிதியிலே திருவெம்பாவை பாடும் சிறுமி ஒருத்திக்கு, இதே பாடல் பாங்கொக் நகரிலும் ஓதப்படுகிறது என்று அவளுடைய ஆசிரியை சொன்னால், அவள் தேசப்படத்தை எடுத்துப் பார்ப்பாளா, மாட்டாளா? சமய பாடமும் பூகோள பாடமும் அக்கணத்தில் ஒன்றாகிவிடுகின்றன.

பிரயாணம் செய்தோர் எல்லாரும் இப்படிக் கொண்டுவருகிறார்களோ என்றால், அதுதான் இல்லை. புகைப்படங்களும் சொக்கலேற்றும் வந்து சேர்கின்றன. பாடம் முன்னிருந்த இடத்திலேயே இருக்கிறது. போய் வந்ததற்காக ஒருவருக்குப் பொன்னாடை போர்த்துவதில் எனக்கு விருப்பமில்லை. நம்மவர்களுக்கு அதிலே கொஞ்சம் அதிக ஆசை. வகுப்பிலே எந்தப் பாடம் மாறியது என்று கேட்டபின் போர்த்தலாம்.

மாறத்தக்க பாடம் ஒன்றைக் காட்டுகிறேன். வற்றுப்பெருக்கு என்று பூகோளப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் உண்டு. கடலருகே பிறந்து வளர்ந்த திருகோணமலைப் பிள்ளைக்கு அது மிகவும் கடினமான அத்தியாயம். காரணம் எளிது. நமது துறைமுகத்தில் நீர் ஏறி இறங்கும் அளவு ஒரு மீற்றருக்கும் குறைவு. காலையிற் பார்த்த கடலையே மாலையிலும் பார்க்கிறோம். இந்தியாவின் மேற்குக் கரையிலே, காம்பே வளைகுடாவிலுள்ள பவநகருக்கு ஓர் ஆசிரியர் போய் வரட்டும். அங்கே பத்து மீற்றர் அளவுக்கு நீர் ஏறி இறங்குகிறது. நீர் வற்றும்போது கப்பல்கள் தரைதட்டாமல் மிதந்து நிற்கவேண்டி, துறைமுகத்திற்கே கதவு போட்டு நீரை அடைத்து வைத்திருக்கிறார்கள். அதைக் கண்ணாற் கண்டவர் திரும்பி வந்து கரும்பலகையில் ஒரு கோடு கீறினாலே போதும். எந்நேரமும் ஆழம் குறையாத நமது துறைமுகத்தை ஏன் இத்தனை தேசத்தார் விரும்பினர் என்பதும் அப்போது பிள்ளைகளுக்கு விளங்கிவிடும். அயலூரைப் பார்த்தவருக்கே சொந்த ஊரைச் சொல்லிக் கொடுக்க முடிகிறது.

செலவில்லாமற் கொண்டுவரத்தக்கதும் உண்டு. ஜப்பான் நாட்டுப் பாடசாலைகளிலே ஆசிரியர் ஒருவர் பாடம் நடத்த, சக ஆசிரியர்கள் வகுப்பில் நின்று பிள்ளைகளைக் கவனித்துக் குறிப்பெடுத்து, பின்னர் கூடியிருந்து அப்பாடத்தை ஆராயும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. 1990 களில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அதனைக் கண்டு எழுத, இன்று பல நாடுகள் பின்பற்றுகின்றன. இதற்குக் கட்டடம் வேண்டாம், கணினி வேண்டாம். மற்றொருவர் பார்க்கப் பாடம் நடத்தும் துணிவு மட்டும் வேண்டும். அந்தத் துணிவு நம்மிடம் சற்றுக் குறைவு என்று ஆசிரியப் பெருமக்கள் முன்னிலையிலே சொல்லத் துணிந்துவிட்டேன்.

இன்னொரு வகைப் பிரயாணமும் இருக்கிறது. அதைப் பேசாமல் விட்டால் இப்பேச்சு நேர்மையாகாது. 2022 இல் நாடு பொருளாதார நெருக்கடியிற் சிக்கியபோது, அரசாங்க ஊழியர் ஐந்து ஆண்டு வரை சம்பளமற்ற லீவில் வெளிநாடு சென்று உழைக்கலாம் என்று அரசாங்கம் இடங்கொடுத்தது. ஆசிரியர்களும் போனார்கள். அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. அரிசி விலையும் மருந்து விலையும் ஏறிய நாட்களில், வீட்டிலே பிள்ளைகளை வைத்திருப்பவர் வேறென்ன செய்வார்? ஆனால் கணித ஆசிரியர் போன பாடசாலையில் அந்தப் பாடவேளை வெறுமையாய்க் கழிகிறது. டியூஷனுக்குப் பணம் இல்லாத பிள்ளைக்கு அவ்வேளை திரும்பி வராது. "அனுப்பினால் திரும்பி வருவார்களா?" என்று பெரியோர் சிலர் கேட்பதன் நியாயம் எனக்குத் தெரிகிறது. அதற்காக எவரையும் அனுப்பாமலே இருந்தால், பிழைப்புக்காகப் போகிறவர்கள் மாத்திரமே போவார்கள், படிப்புக்காகப் போகிறவர் ஒருவரும் இரார்.

ஆதலின் நமது சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் செய்கிறேன். ஆண்டுக்கு ஓர் ஆசிரியரை, ஒரே ஒரு மாதம், ஆகஸ்ட் விடுமுறையை ஒட்டி இந்தியாவிலுள்ள பாடசாலை ஒன்றுக்கு அனுப்புவோம். காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குப் பயணிகள் கப்பற் சேவை 2023 இல் மீண்டும் தொடங்கியது. ஆகாய விமானத்தை நினைத்து மலைக்க வேண்டியதில்லை. விழாவுக்குப் பந்தலும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்யும் செலவில் ஒரு பங்கைக் குறைத்தாலே பாதி வழி போய்விடலாம். போகிறவரிடம் இரண்டே நிபந்தனைகள் விதிப்போம். என்ன பாடத்திற்காகப் போகிறார் என்பதை முன்கூட்டியே எழுதித் தரவேண்டும். வந்தபின் அப்பாடத்தை, அவருடைய பாடசாலையிலே, அயற் பாடசாலை ஆசிரியர்களும் நின்று பார்க்க நடத்திக் காட்டவேண்டும். மூதூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் தம்பலகாமத்திலிருந்தும் அவர்கள் வரட்டும்.

செயற்குழு தனது அடுத்த கூட்டத்தில் இதனை எடுத்து ஆராயுமாறு வேண்டுகிறேன். முதலாண்டில் யாரை அனுப்புவது என்று கேட்டால், பட்டினத்துப் பெரிய கல்லூரிகளை விட்டு, ஆசிரியர் தொகை குறைந்த கிராமப் பாடசாலை ஒன்றின் பூகோள ஆசிரியரை என்பேன். அவர் இல்லாத நாட்களில் அவருடைய வகுப்புக்களைப் பார்த்துக்கொள்ள, பல்கலைக்கழக விடுமுறையில் வீட்டிலிருக்கும் எங்களைப் போன்றவர்கள் ஆயத்தமாயிருக்கிறோம். பெயர் கொடுக்க விரும்பும் இளைஞர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைச் சந்திக்கலாம்.