குவாங்சோவில் முதல் முப்பது நாட்கள்

(சீனாவுக்குப் படிக்கச் செல்லும் மாணவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும் நமது அறக்கட்டளை நடத்திய வழிகாட்டல் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)





சீனாவைச் சொல்லிக் கல்வி தேடத் தூண்டும் வாசகம் ஒன்று நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கும். அதை நபிமொழி என்று சொல்வதற்கான ஆதாரம் பலவீனமானது என்பது ஹதீஸ் கலை அறிஞர்களின் கருத்து. கல்வி தேடுவது கடமை என்பதற்கு அந்த வாசகம் நமக்குத் தேவையும் இல்லை. ஆனால், நம் பிள்ளைகள் இப்போது உண்மையாகவே சீனாவுக்குப் போகிறார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

குவாங்சோ நகரில் போய் இறங்கியதும் வரும் முதல் முப்பது நாட்களைப் பற்றி மட்டும் இன்று பேசுகிறேன். நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று அனுப்புகிறோம். அந்தப் படிப்பு நல்லபடியாகத் தொடங்குவதும் சிக்கலில் தொடங்குவதும் அந்த நாட்களில்தான் இருக்கிறது.

முதலாவது, சட்டம். சீனாவில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் அந்தப் பகுதி காவல்துறையில் தங்குமிடத்தைப் பதிய வேண்டும். ஹோட்டலில் தங்கினால் ஹோட்டல்காரரே பதிந்துவிடுவார். கல்லூரி விடுதி என்றால் பதிவு நடந்துவிட்டதா என்று அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். நண்பனின் அறையில் இரண்டு நாள் தங்கினாலும் பதிவு கட்டாயம்.

நீண்டகாலப் படிப்புக்குக் கொடுக்கும் விசா எக்ஸ்1. அதில் தங்கும் நாட்கள் என்ற இடத்தில் 000 என்று இருக்கும். எத்தனை நாள் வேண்டுமானாலும் இருக்கலாம் என்று அதற்குப் பொருள் இல்லை. நாட்டுக்குள் நுழைந்த 30 நாட்களுக்குள் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 500 யுவான், அதிகபட்சம் 10,000 யுவான் வரை அபராதம் உண்டு; நிலைமை மோசமானால் காவலில் வைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. அனுமதிக் கடிதம், ஜேடபிள்யூ படிவம், மருத்துவப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றின் அசல்கள் கைப்பையில் இருக்கட்டும். சரக்குப் பெட்டியில் போடாதீர்கள். விண்ணப்பித்த பிறகு பாஸ்போர்ட் சில நாட்கள் அலுவலகத்தில் இருக்கும். அந்த நாட்களில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ள வேண்டாம். குவாங்சோவில் இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது. அதன் முகவரியைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, உணவு. சீன மொழியில் 'ரோ' என்றால் இறைச்சி. ஆனால் வெறுமனே 'ரோ' என்று சொன்னால் பெரும்பாலும் பன்றி இறைச்சிதான். கீரையும் காயும்தானே என்று நம்பிவிடவும் முடியாது; பன்றிக் கொழுப்பில் வதக்குவது அங்கே வழக்கம். ஹலாலுக்கு அங்குள்ள சொல் 'சிங்ஜென்'. அந்த இரண்டு சீன எழுத்துகளையும் ஊரிலிருந்தே பார்த்துப் பழகிக்கொள்ளுங்கள். லான்சோ மாட்டிறைச்சி நூடுல்ஸ் கடைகள் நகரெங்கும் இருக்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் வடமேற்குச் சீனாவின் முஸ்லிம்கள் நடத்துகிறார்கள். ஆனாலும் பலகையில் சிங்ஜென் இருக்கிறதா என்று பார்த்தே உள்ளே போங்கள். பல பல்கலைக்கழகங்களில் முஸ்லிம் மாணவர்களுக்குத் தனி உணவகம் உண்டு. முதல் நாளே விசாரியுங்கள்.

மூன்றாவது, தொழுகை. பயணத்தில் கஸ்ர் செய்யலாம். போய்ச் சேர்ந்தபின் பல ஆண்டு தங்கும் நிய்யத் இருப்பதால் நீங்கள் முகீம். ஹனஃபி மத்ஹபில் 15 நாட்கள், ஷாஃபி மத்ஹபில் போகும் நாளும் வரும் நாளும் நீங்கலாக 4 நாட்கள் தங்கும் எண்ணம் இருந்தாலே முழுமையாகத் தொழ வேண்டும். பயணி என்ற சலுகையை விடுதி அறையில் ஆண்டுக்கணக்கில் நீட்ட முடியாது.

குவாங்சோ முஸ்லிம்களுக்குப் புதிய ஊர் அல்ல. அரபு வணிகர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வந்து தங்கிய துறைமுகம் அது. அங்குள்ள ஹுவாய்ஷெங் பள்ளிவாசல் சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களில் ஒன்று. அதன் மினாராவின் உயரம் ஏறத்தாழ 36 மீட்டர். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) பெயரால் ஓர் அடக்கத்தலமும் அருகில் ஷியென்ஷியென் பள்ளிவாசலும் இருக்கின்றன. அந்த ஸஹாபி அடக்கம் செய்யப்பட்டது மதீனாவில் என்பதே நம் வரலாற்று நூல்களின் கூற்று. ஆனாலும் ஜும்ஆ நாளில் ஷியென்ஷியென் பள்ளிக்குப் போனால் ஆப்பிரிக்கர், அரபியர், நம் நாட்டவர் எல்லோரையும் ஒரே ஸஃப்பில் பார்க்கலாம். முதல் வெள்ளிக்கிழமையே போய்விடுங்கள். தனிமை பாதி குறையும்.

ஓர் எச்சரிக்கை. கல்லூரி வளாகத்தில் மார்க்கக் கூட்டம் கூட்டுவதும் பிரச்சாரம் செய்வதும் அங்கே சட்டத்துக்குப் புறம்பானவை. ஜமாஅத்துக்குப் பள்ளிவாசலுக்குப் போங்கள்.

நான்காவது, பேச்சு. இது பெற்றோருக்கு. வாட்ஸ்அப், கூகுள், யூடியூப் ஆகியவை அங்குள்ள இணைய இணைப்பில் சாதாரணமாக வேலை செய்யாது. சீனர்கள் பயன்படுத்தும் வீசாட் 2020 ஜூனிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டிருக்கிறது. ஆகவே பிள்ளை போய் இறங்கியதும் சத்தமே இல்லாமல் போகலாம். அந்த நேரத்தில் வீட்டில் அழுகையும், சொந்தக்காரர்களின் கற்பனைகளும் கிளம்பிவிடும். இதைத் தவிர்க்கும் வழி எளியது. நம் ஊர் சிம்மில் வெளிநாட்டு ரோமிங் வசதியைப் புறப்படும் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். "இறங்கிவிட்டேன்" என்று ஒரு குறுஞ்செய்தி போதும். பிறகு பேசுவதற்கு நாளும் நேரமும் முன்கூட்டியே முடிவாகட்டும். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி. இங்கே இரவு எட்டு என்றால் அங்கே பத்தரை.

தாய்மார்களே, முதல் வாரம் பிள்ளை அழைத்து, "உம்மா, சாப்பாடு பிடிக்கலை, மொழி புரியலை, வந்துடட்டுமா" என்று கேட்கலாம். உடனே டிக்கெட் போடவும் வேண்டாம், அதட்டவும் வேண்டாம். "இன்று சாப்பிட்டாயா, தொழுதாயா, காவல்துறைப் பதிவு ஆகிவிட்டதா" என்று மூன்று கேள்வி கேளுங்கள். மூன்றுக்கும் ஆம் என்றால் பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறது. இல்லை என்றால் எதைச் சரிசெய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

புறப்படும் முன் எல்லாத் தாள்களையும் எடுத்துக்கொண்டு ஒருநாள் அஸருக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். சரிபார்த்து, ஒரு படி உங்கள் வீட்டிலும் ஒரு படி இங்கேயும் வைத்துக்கொள்வோம்.

அல்லாஹ் உங்கள் பயணத்தை இலேசாக்கி, பயனுள்ள கல்வியைத் தந்து, ஈமானோடும் உடல்நலத்தோடும் திரும்பி வரச் செய்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.