சுவரில் ஒரு தோட்டம்



“தோட்டம் போட இடம் எங்கே?” என்பது இன்று அநேகர் கேட்கும் கேள்வி. நகரத்து ஒண்டுக் குடித்தனக்காரர் மட்டுமல்லர், ஓட்டப்பிடாரத்தில் என் தெருவில் வாழ்வோரும் இவ்வாறே கேட்கின்றனர். தரையை மட்டும் நோக்குவதால் எழும் கேள்வி இது. சற்றே தலை நிமிர்ந்து சுவரைப் பாருங்கள். அங்கே இடம் சும்மா கிடக்கிறது.

செடிக்கு வேண்டுவன யாவை? வெளிச்சம், காற்று, நீர், வேரூன்றச் சிறிது மண். இவை இருப்பின் பரந்த நிலம் வேண்டுவதில்லை. கொடிகளோ உயரே ஏறுவதற்கென்றே பிறந்தவை. பாகற்கொடியின் பற்றுக்கம்பி ஒரு குச்சியைத் தொட்டதும் வளையத் தொடங்குகிறது. தொட்ட பக்கத்தினும் மறுபக்கம் விரைந்து வளர்வதே அதன் காரணம். ஏறு கொடிகளின் இத்தகைய அசைவுகளை ஆராய்ந்து, சார்லஸ் டார்வின் 1875இல் ஒரு நூலே வெளியிட்டார். முல்லைக்குத் தேர் ஈந்த பாரியின் வரலாற்றைப் படித்த நமக்கு, கொடி கொழுகொம்பை நாடும் என்பது புதிய செய்தியன்று.

கூரைமேல் சுரையைப் படரவிட்டதும், வேலியில் பிரண்டையை ஏற்றியதும், புடலங்காயின் நுனியில் கல் கட்டி நேராக வளர்த்ததும் நம் பழைய வழக்கங்களே. அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஸ்டான்லி ஹார்ட் ஒயிட், செடிகளைத் தாங்கும் சுவரமைப்பு ஒன்றிற்கு 1938இல் காப்புரிமை பெற்றார்.

ஆனால் எங்கள் கரிசற்பூமியில் இடத்தினும் அரியது நீர். தொலைவிலிருந்து குடம் சுமந்து வரும் தாயிடம், செடிக்கென்று இன்னொரு குடம் கேட்பது நியாயமாகுமா? ஆகாது. ஆதலின் மூன்று தொட்டிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அமையுங்கள். மேல்தொட்டியின் அடித்துளையில் வழியும் நீர் நடுத்தொட்டிக்கும், அதில் எஞ்சுவது கீழ்த்தொட்டிக்கும் உதவும். அரிசி களைந்த கழுநீரே இதற்குப் போதும். சோப்பு நீரை ஊற்றலாகாது. வெயிலும் காற்றும் மிகப்படும் மேல்தொட்டி விரைவில் உலரும். அதில் வறட்சி தாங்கும் கற்றாழையை வையுங்கள். நடுவில் கீரை விதையுங்கள். ஈரம் விரும்பும் புதினாவுக்குக் கீழ்த்தட்டே உகந்தது.

கரிசல் மண்ணைத் தனியே தொட்டியில் இடாதீர்கள். நனைந்தால் அதில் காற்றுப் புகாது. காய்ந்தால் இறுகி வெடிக்கும். மணலும் மக்கிய எருவும் சேர்த்துக் கலவுங்கள். தென்னை நார்க்கழிவு கிடைத்தால் அதையும் சேர்க்கலாம். பாரம் குறையும், ஈரமும் நிற்கும். மாலை வெயிலில் மேற்குச் சுவர் அனலாய்க் காயும். ஆகவே கீரைக்குக் கிழக்குச் சுவரே ஏற்றது. நனைந்த மண் மிகக் கனக்கும். பழைய மண்சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடாமல், தரையில் ஊன்றிய சட்டத்தில் தொட்டிகளை நிறுத்துங்கள்.

மாணவர்களே! வருகிற ஆடியில் சுவரோரம் நான்கு அவரை விதைகளை ஊன்றி, ஏறுவதற்கு ஒரு கயிறும் கட்டிவிடுங்கள். காய்த்ததும் முதற்பறிப்பைத் தாயின் கையில் கொடுங்கள். சொந்தமாக ஒரு சென்ட் நிலமும் இல்லாத வீட்டுப் பிள்ளையும் செய்யக்கூடிய வேளாண்மை இது.