அந்த மலைப் பெண்ணுக்குக் கை தட்டுங்கள்

உப்பிலியபுரத்துப் பெரியோர்களே, தாய்மார்களே, பச்சைமலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் என் சொந்தங்களே!

சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவே, தர்மபுரி மாவட்டத்தில், சிட்லிங்கி என்று ஒரு பள்ளத்தாக்கு. அங்கே இருப்பவர்கள் யார்? மலையாளி இன மக்கள். நம்ம பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் இருக்கிற அதே ஜனம்! 1993-இல் அங்கே போய் இறங்கினார்கள் டாக்டர் ரெஜி ஜார்ஜும் அவர் மனைவி டாக்டர் லலிதாவும். அதற்கு முன் காந்திகிராமத்து ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவர்கள். ஊர் ஜனம் ஒரு குடிசை போட்டுக் கொடுத்தது. உள்ளே ஒரு பெஞ்சு. மேலே ஒரு நூறு வாட்ஸ் பல்பு. பிரசவமா? தரையில்தான். அதுதான் ஆஸ்பத்திரி!

அன்றைக்கு அந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரம் குழந்தை பிறந்தால் 150 பக்கம் ஒரு வயதுக்குள் செத்துப்போகும். அதை இருபது சொச்சத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்களே! (கைதட்டல்) தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள்! ஆனால் டாக்டருக்கு மட்டும் தட்டாதீர்கள். மலையில் பிறந்த பெண்களையே அழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அந்தப் பெண்தான் கர்ப்பிணியின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தாள். பிள்ளையை எடை போட்டாள். அவளுக்குத் தட்டுங்கள்! ஆப்பிரிக்காவில் எத்தியோப்பியா நாடு 2003-இல் எடுத்த வழியும் இதுதான். கிராமத்துப் பெண்கள் 30,000 பேருக்கு மேல் பயிற்சி பெற்று, சம்பளத்தோடு ஊர் ஊராக வேலை பார்த்தார்கள்.

இங்கேயும் வைத்தியம் பார்க்கிறோம் என்று சிலர் வருகிறார்கள். வருஷத்துக்கு ஒருநாள் பந்தல், பேனர், பிரஷர் பார்க்கிற மாதிரி ஒரு போட்டோ. பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். மறுநாள் ராத்திரி பிள்ளைக்கு ஜன்னி கண்டால் அந்தப் பேனரையா போய் எழுப்புவது?

கேட்க ஆள் இல்லை அய்யா! உப்பிலியபுரம் என்று ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. பழங்குடியினருக்கான தனித் தொகுதி. 2006-இல் கடைசியாக ஓட்டுப் போட்டோம். 2008 மறுவரையறையில் தொகுதியே போயிற்று. இன்றைக்குத் தமிழ்நாட்டில் பழங்குடியினருக்கு ஏற்காடு, சேந்தமங்கலம் என்று இரண்டே இரண்டு. 234-இல் இரண்டு! மலை அங்கேயேதான் இருக்கிறது, நோயும் இருக்கிறது, நம் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

சரி, அந்தப் பெண்ணுக்கு வருகிறேன், அவளை விட்டு என்னால் நகர முடியவில்லை. சிட்லிங்கியில் முளைத்தவள் பச்சைமலையில் முளைக்க மாட்டாளா? படிப்பை முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் மேலே எத்தனை பேர்! ஒருத்தியை நர்சிங் படிக்க வைப்போம். படித்துவிட்டுத் தன் மலைக்கே திரும்பட்டும். அதற்காகத்தான் துண்டு ஏந்தி வருகிறார்கள் தம்பிகள். பத்து ரூபாயோ, ஆயிரமோ, கையில் இருப்பதைப் போடுங்கள் தாயே!