உறவினர் வாயிலுக்கு வரும் ஓலை
(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பெற்றோரின் அடியுதையினாலோ, போதைப் பழக்கத்தினாலோ, கவனியாமையினாலோ ஒரு பிள்ளைக்கு ஆபத்து நேருமாயின், அப்பிள்ளையை வீட்டிலிருந்து அகற்றும் அதிகாரம் பல நாடுகளில் அரசாங்கத்துக்கு உண்டு. அகற்றியாயிற்று. அன்றிரவு அப்பிள்ளை எங்கே உறங்கும்? அயலூரிலிருக்கும் பாட்டிக்குச் செய்தி சொல்வார் யார்? இவ்வினாவுக்கு ஐக்கிய அமெரிக்கா சட்டத்தின் மூலம் விடைகாண முயன்றது. அதனையே இன்று எடுத்துக்கொண்டேன்.

2008 ஆம் ஆண்டு ஒக்டோபர் 7 ஆந் திகதி அந்நாட்டுச் சனாதிபதி ஒரு சட்டத்திற் கையொப்பமிட்டார். அதன்படி, பிள்ளையை அகற்றிய 30 நாட்களுள் பாட்டன் பாட்டிமாரையும், வயதுவந்த ஏனைய உறவினரையும் தக்க முயற்சியுடன் தேடி அறிவித்தல் மாநிலங்களின் கடமையாயிற்று. 2014 ஆம் ஆண்டில், அப்பிள்ளையின் உடன்பிறந்தாரைச் சட்டப்படி வளர்க்கும் பெற்றோரும் இவ்வரிசையிற் சேர்க்கப்பட்டனர்.

அறிவித்தலில் என்ன இருத்தல் வேண்டும்? பிள்ளை அகற்றப்பட்ட செய்தி; பராமரிப்பிற் பங்குகொள்ள உறவினருக்குள்ள வழிகள்; மறுமொழி கூறாதுவிடின் இழக்கக்கூடிய வாய்ப்புக்கள்; வளர்ப்பில்லமாகத் தகுதிபெறும் விதம். காலந்தாழ்த்தின் பிள்ளை அந்நியர் வீட்டிற் பழகிவிடும். மீண்டும் பிடுங்கி நடுதல் இன்னொரு காயமாகும். ஆதலாலேயே நாட்கணக்கு விதிக்கப்பட்டது.

இதற்கு முன்பே, 1978 இல், அமெரிக்க ஆதிக்குடிகளின் பிள்ளைகளுக்கென ஒரு சட்டம் பிறந்தது. அவர்தம் பிள்ளைகள் பெருந்தொகையாக அகற்றப்பட்டு, அந்நிய இனத்தார் வீடுகளில் விடப்பட்ட கொடுமையே அதற்குக் காரணம். வழக்கு நடைபெறுவதைக் குலத்தாருக்குப் பதிவுத் தபாலில் அறிவித்தல் வேண்டுமென்றும், பிள்ளையை ஏற்பதில் உறவினருக்கே முதலிடமென்றும் அது விதித்தது. 2023 ஆம் ஆண்டில் அந்நாட்டு உயர்நீதிமன்றம் அச்சட்டத்தை நிலைநிறுத்தியது.

"உறவினரே கொடியவராயின்?" என ஒருவர் வினவலாம். நியாயமான வினாவே. குடும்ப வன்முறை உள்ளவிடத்து அறிவித்தலுக்கு விலக்களிக்க 2008 ஆம் ஆண்டுச் சட்டமும் இடந்தருகிறது. ஓலை பெற்றவர் கையில் உடனே பிள்ளையை ஒப்படைப்பதுமில்லை; விசாரணை உண்டு. அறிவித்தல் வேறு, ஒப்படைத்தல் வேறு.

அன்பர்களே! சட்டம் ஓலை அனுப்பலாம். கதவைத் திறக்க அதனால் இயலாது. "நமக்கேன் வீண் வம்பு" என்று அவ்வோலையை மடித்து வைப்பாருமுளர். குடும்ப மானம் போய்விடுமென அஞ்சிப் பிள்ளையின் துயரை மறைப்பாரும் நம்மிடையே இல்லாமலில்லை. மானம் பெரிதா, மகவு பெரிதா?

சரவணப் பொய்கையிற் குழந்தைகளைக் கண்ட கார்த்திகைப் பெண்கள் அறுவரும் எவருடைய ஓலைக்கும் காத்திருக்கவில்லை, வாரியெடுத்துப் பாலூட்டினர். நாமோ தாயின் தமக்கையைப் பெரியம்மா என்கிறோம், தங்கையைச் சின்னம்மா என்கிறோம். இரண்டிலும் அம்மா என்ற சொல் இருக்கிறது. அச்சொல்லுக்கு ஒரு கடமையும் உண்டு.

இளைஞராகிய நாம் இன்றே ஒன்று செய்யலாம். தமையன் பிள்ளைகள், தமக்கை பிள்ளைகள் எவ்வாறிருக்கிறார்களென அடிக்கடி சென்று பார்ப்போம். ஆபத்து வேளையில் "உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று ஒரு பிள்ளையிடம் கேட்டால், தயங்காது அது சொல்லும் பெயர் நம்முடையதாக இருக்கட்டும்.